குடுவில் இருந்து வெளியே வர மருந்து எடுக்கிறீர்களா? உளவளத்துணையை இப்படிப் பயன்படுத்துங்கள்

குடு, அதாவது ஹெரோயின் பழக்கத்துக்கு மருந்து இருக்கிறது என்று சொன்னால் தேயிலைத் தோட்டப் பக்கம் இரண்டு பதில் வரும். “மருந்து இருந்தா குடுத்து முடிக்க வேண்டியதுதானே, அந்த கவுன்சிலிங் மிஸ்கிட்ட போய் உட்கார்ந்து எதைப் பேச?” என்பது ஒன்று. “மருந்து எதுக்கு, நாலு பெரிய மனுசங்க உட்கார வச்சு புத்தி சொன்னா திருந்திருவான்” என்பது மற்றது. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் மருந்து எடுக்கப் போகிறவர். இரண்டாவதைச் சொல்பவர் அவருடைய மாமாவோ தோட்டத் தலைவரோ. இது இரண்டு பேருக்குமான குறிப்புதான், ஆனால் முதலில் மருந்து எடுப்பவருக்கு, பிறகு அவரோடு ஒரே காம்பராவில் இருக்கிறவர்களுக்கு.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள், உளவளத்துணையை (கவுன்சிலிங்கை) அலட்சியம் பண்ணாதீர்கள், ஒன்றைக் காரணம் காட்டி மற்றதை நிறுத்திவைக்க யாரையும் விடாதீர்கள்.

மருந்து எதைப் பார்த்துக்கொள்ளும்

பவுடர், தூள், குடு என்று எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ஹெரோயின் ஓப்பியாயிட் (அபின் மாதிரி வேலை செய்யும்) வகையைச் சேர்ந்தது. டிரமடோல் கெப்சூல், மோர்பின், கோடீன் எல்லாம் அதே குடும்பம்தான். தினமும் எடுத்துப் பழகிய உடம்புக்கு ஹெரோயின் கிடைக்காவிட்டால் 8 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கலவரம் தொடங்கும்: கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணில் நீர், புல்லரிப்பு, வயிற்றுப் பிடிப்பு, பேதி, கை கால் குடைச்சல், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பகுதி அடங்கிவிடும். அடங்கியதும் வீட்டில் “சுகமாயிட்டான்” என்று கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் பெரிய ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிட்டது, ஆசை இறங்கவில்லை. ஒரு நாள் தவறிப்போய் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையில் இருந்து வந்தவர், கந்தகாடு மாதிரி புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து வந்தவர், வீட்டிலேயே பூட்டி வைத்துத் திறந்துவிடப்பட்டவர், மூன்று பேருக்கும் இது பொருந்தும்.

இதைத் தடுக்கத்தான் நீண்ட நாள் மருந்து. மெதடோன் பெரும்பாலும் பாணியாக, நாளுக்கு ஒரு தடவை, ஆரம்பத்தில் தாதியின் கண்முன்னாலேயே குடிப்பது. அது உடம்பில் மெதுவாகச் சேர்வதால் முதல் இரண்டு வாரமும் மிகுந்த கவனம் தேவை. “பத்தலை” என்று இன்னொரு பக்கம் குடுவும் போட்டாலோ, சாராயத்தையோ கசிப்பையோ தூக்க மாத்திரையையோ சேர்த்தாலோ மூச்சு அடங்கிப்போகும். புப்ரினோர்பின் நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிடும் மாத்திரை, விழுங்கினால் சரியாக வேலை செய்யாது, கரையும்வரை தேத்தண்ணியும் கூடாது. முதல் தடவை அதை எடுக்கும்போது உடம்பில் குடு மிச்சம் இருந்தால் மருந்தே அந்த நடுக்கத்தையும் குடைச்சலையும் சட்டென்று கிளப்பிவிடும். அதனால் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்கும்போது பொய் சொன்னால் கஷ்டப்படப் போவது நீங்கள்தான். நால்ட்ரெக்சோன் வேறு ரகம். அது ஓப்பியாயிட்டை வேலை செய்யவே விடாமல் தடுக்கும். 7 முதல் 10 நாளாவது ஒன்றும் எடுக்காமல் இருந்த பிறகுதான் தொடங்கலாம்.

“மருந்தும் ஒரு போதைதானே, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதை” என்பார்கள். சரியான அளவில் மெதடோனோ புப்ரினோர்பினோ எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. காலையில் பெரட்டுக்குப் போவார், மலையில் வேலை செய்வார், சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சீனிக்கும் பிரஷருக்கும் வருடக்கணக்கில் மாத்திரை எடுக்கும் அப்பாவை யாரும் “மாத்திரைக்கு அடிமை” என்று சொல்வதில்லையே.

ஒரு விஷயம் இடையில். ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) ஓப்பியாயிட் இல்லை. இந்த மருந்துகள் எதுவும் ஐஸுக்கு வேலை செய்யாது, அங்கே பாரம் முழுக்க உளவளத்துணையின் தலையில்தான். இரண்டையும் எடுப்பவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் பேச்சு எதற்கு

மருந்து உடம்பின் கலவரத்தையும் ஆசையின் பெரும்பகுதியையும் பிடித்துக்கொள்ளும். சம்பள நாளன்று ஓட்டோ நிறுத்துமிடத்தில் காத்திருக்கும் பழைய கூட்டாளியை அது பிடித்துக்கொள்ளாது. அடகுக்கடையில் இருக்கும் மனைவியின் தோடு, கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, நின்றுபோன வேலை, பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன், இதெல்லாம் அப்படியே இருக்கும்.

ஆராய்ச்சிகளைப் பார்த்தால் முடிவு நேர்கோட்டில் இல்லை, அதையும் மறைக்க வேண்டியதில்லை. சுவீடனில் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. எல்லோருக்கும் நல்ல உளவளத்துணை, பாதிப்பேருக்கு மட்டும் புப்ரினோர்பின் தொடர்ந்து, மற்றவர்களுக்கு சில நாளில் மருந்து நிறுத்தப்பட்டு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஒரு வருடம் கழித்து மருந்து எடுத்தவர்களில் நாலில் மூன்று பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்றப் பக்கம் ஒருவர்கூட மிஞ்சவில்லை, 20 பேரில் 4 பேர் இறந்தே போயிருந்தார்கள். பேச்சு மட்டும் போதும் என்கிற மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

மறுபக்கம், 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில் எல்லோருக்கும் மெதடோன் கொடுத்து, ஒரு குழுவுக்கு உளவளத்துணை அநேகமாக இல்லாமலும், இன்னொரு குழுவுக்கு வழக்கமான உளவளத்துணையோடும், மூன்றாவது குழுவுக்கு அதோடு வேலை, குடும்பம், மனநோய் எல்லாவற்றுக்கும் உதவி சேர்த்தும் பார்த்தார்கள். மருந்து மட்டும் கிடைத்தவர்கள்தான் பின்தங்கினார்கள், மூன்றாவது குழு எல்லோரையும் விட நன்றாக இருந்தது. ஆனால் அதே அமெரிக்காவில் 2011-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், வலி நிவாரண ஓப்பியாயிட்டுக்குப் பழகிய 600-க்கும் மேற்பட்டவர்களிடம், டொக்டரே ஒழுங்காகப் பார்த்துப் பேசினால் போதும், அதற்கு மேல் தனி உளவளத்துணை சேர்த்ததால் வித்தியாசம் வரவில்லை. மருந்து இருக்கும்போது ஏறக்குறைய பாதிப்பேர் நன்றாக இருந்தார்கள். மருந்தைக் குறைத்து நிறுத்தியதும் நன்றாக இருந்தவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை, உளவளத்துணை கிடைத்திருந்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

இதை நான் எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், அந்த ஆய்வில் டொக்டர் அடிக்கடி கூப்பிட்டு, நேரம் எடுத்து, எப்படி இருக்கிறாய், எங்கே தடுக்கியது, அடுத்த வாரம் என்ன பண்ணப்போகிறாய் என்று விசாரித்தார். அதுவே ஒரு உளவளத்துணைதான். கிளினிக் வரிசை வாசல்வரை நிற்கும் ஆஸ்பத்திரியில் டொக்டருக்கு அந்த நேரம் கிடைக்காது, அந்த இடத்தை யாராவது நிரப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டலும் சுருக்கமாக இதைத்தான் சொல்கிறது: மருந்து எடுக்கும் எல்லோருக்கும் உளவியல் சமூக உதவியைக் கொடுக்க முன்வர வேண்டும், ஆனால் அது வேண்டாம் என்பவருக்கு மருந்தை மறுக்கக் கூடாது. “இத்தனை வகுப்புக்கு வந்தால்தான் மருந்து” என்று எங்காவது சொன்னால் சண்டை போடாமல், “வருகிறேன் டொக்டர், ஆனா மருந்த இன்னைக்கே தொடங்குங்க” என்று கேளுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

தோட்ட டிஸ்பென்சரியில் இந்த மருந்து தர மாட்டார்கள், ஆனால் கடிதம் தருவார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஹட்டன் பக்கம் உள்ளவர்கள் டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மனநல கிளினிக் எந்த நாள் என்று விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) மிச்சம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்து எங்கே என்ன சிகிச்சை இருக்கிறது என்று கேட்கலாம், எடுத்தவுடனே தமிழில் பேச ஆள் கேளுங்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருந்து தர மாட்டார்கள், ஆனால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஆஸ்பத்திரி மிஸ்ஸை விட அவர்களுக்கு நேரம் கிடைக்கலாம்.

போன இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இது நடுக்கம் அடங்கும்வரை கொடுக்கும் சில நாள் மருந்தா, தொடர்ந்து எடுக்கும் மருந்தா?” இரண்டும் வேறு. சில நாள் மருந்து என்றால் அதற்குப் பிறகு என்ன, தொடர்ந்து எடுக்கும் மருந்து எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும், அங்கே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி உளவளத்துணை யார் கொடுக்கிறார், எந்த நாள், மருந்து எடுக்கும் நாளிலேயே வைத்துக்கொள்ளலாமா என்பது. நம்ம ஆட்கள் உளவளத்துணையை விடுவதற்கு மனசு காரணம் இல்லை, பஸ்காசும் போகிற பேரும்தான் காரணம். மருந்துக்கு ஒரு நாள், பேச்சுக்கு ஒரு நாள் என்று மாதம் முழுக்க அலையவிட்டால் யார் போவார்? ஒரே நாளில் வைத்துத் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். கிளினிக் துண்டைப் பத்திரமாக வையுங்கள், வேலைக்கு வராத நாளுக்குக் காட்ட உதவும். துண்டில் நோயின் பெயரை எழுதத் தேவையில்லை என்று சொல்லலாம்.

தனியார் “நிலையம்” ஒன்றில் சேர்க்க நினைத்தால் ஒன்று கவனியுங்கள். போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தரும் இடங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பார்களா, வீட்டுக்காரர் பார்க்க விடுவார்களா, டொக்டர் வருவாரா என்று நேராகக் கேளுங்கள். “மூணு மாசம் எங்ககிட்ட விடுங்க, பாக்க வராதீங்க” என்றால் அந்த வாசலோடு திரும்பிவிடலாம்.

முதல் சந்திப்பு

முதல் நாள் நிறையக் கேள்வி வரும். என்ன எடுத்தாய், எப்படி, நாளுக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது, கூட என்ன, வழக்கு இருக்கிறதா, கடன் எவ்வளவு, வீட்டில் யார் யார், சாக நினைத்தது உண்டா. பொலிஸ் விசாரணை மாதிரித் தோன்றும். அதனால்தான் அதற்கு முன்பே நீங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: “நான் சொல்றதுல எது இந்த ரூமுக்குள்ள இருக்கும், எது வெளிய போகும்?” நல்ல உளவளத்துணையாளர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, பிள்ளைக்கு ஆபத்து மாதிரி விஷயங்களைத் தவிர மற்றதை வெளியே சொல்ல மாட்டார் என்பதுதான் பொதுவான முறை. மழுப்பினால் அன்றைக்கு உடம்பு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், மற்றது பிறகு.

தற்கொலை பற்றிய கேள்விக்கு மட்டும் மறைக்காதீர்கள். குடுவை விட்ட முதல் மாதங்களில் மனம் படுத்துவிடும், தூக்கம் இருக்காது, செய்த கொடுமையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அதற்கும் மருந்து இருக்கிறது. நடுராத்திரியில் தனியாகத் தவித்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம்.

மொழி பெரிய சிக்கல். தமிழ் தெரிந்த உளவளத்துணையாளர் இல்லை என்றால் தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிட்டுத் தரச் சொல்லுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான், இது தயவு கேட்பது இல்லை. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த மகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போவதை மட்டும் செய்யாதீர்கள். அப்பா என்ன செய்தார் என்று பிள்ளை வாயால் சொல்ல வைப்பது இரண்டு பேருக்கும் பாவம், அப்புறம் நீங்கள் உண்மையும் சொல்ல மாட்டீர்கள். மனைவியும் வேண்டாம், குறைந்தது முதல் சில சந்திப்புகளுக்கு. சந்திப்பு தொலைபேசியில் என்றால் லயத்துக்குள் இருந்து பேசாதீர்கள், பலகைக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பரா கேட்டுக்கொண்டிருக்கும். சிக்னல் உள்ள மேட்டுக்கோ தேயிலைக்குள்ளோ போய்ப் பேசுங்கள்.

பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால்

பல இடங்களில் அவ்வளவுதான் கிடைக்கும். அதைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பதை விட அந்தப் பத்து நிமிடத்தைக் கறந்துவிடுவது நல்லது. முந்தின இரவு பிள்ளையின் கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து மூன்று விஷயம் எழுதுங்கள், எழுத வராதவர் மனதில் வைத்துக்கொள்ளலாம். போன தடவைக்குப் பிறகு எப்போது ஆசை மிக அதிகமாக வந்தது, அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், கூட யார், கையில் எவ்வளவு காசு. அடுத்த சந்திப்புக்குள் வரப்போகும் கஷ்டமான நாள் எது. மருந்தில் என்ன தொந்தரவு. “எப்படி இருக்கீங்க?” என்றதும் “நல்லா இருக்கேன் மிஸ்” என்று சொல்லாமல் நேராகத் தாளை எடுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் உளவளத்துணையின் உயிர் என்று நினைக்கிறேன். நம்ம வாழ்க்கையில் கஷ்டமான நாட்கள் எவை என்று முன்கூட்டியே தெரியும். சம்பள நாள், தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாள், மாரியம்மன் திருவிழாவுக்குக் கொழும்பில் இருந்து பொடியன்கள் வந்து இறங்கும் வாரம், மழை ஊற்றி வேலை இல்லாமல் லயத்தில் சும்மா கிடக்கும் நாட்கள், வீட்டில் சண்டை. இவற்றில் ஒன்றை எடுத்து, அன்று காலையில் இருந்து இரவு வரை என்ன செய்வது என்று உளவளத்துணையாளரோடு அங்கேயே திட்டம் போடுங்கள். சம்பள நாள் என்றால்: சம்பளம் வாங்க மனைவியோ அம்மாவோ கூட வருவார், வாங்கின கையோடு கடைப்பாக்கி, பிறகு அரிசி, மிச்சம் அவர் கையில், உங்களிடம் பஸ்காசு மட்டும். எந்த வழியால் வீட்டுக்கு வருவது என்பதுவரை பேச வேண்டும், ஏனென்றால் ஆள் மாறினாலும் விற்கிற இடம் மாறாது. கூட்டாளி எதிரே வந்தால் என்ன சொல்வது? “வேணாம் மச்சான்” என்று மனதில் நினைத்துக்கொண்டால் வாயில் வராது. அந்த அறையில் உளவளத்துணையாளரையே கூட்டாளி மாதிரிப் பேசச் சொல்லி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள், இதைவிடப் பயன்படும் பயிற்சி குறைவு.

ஆசை உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் நீண்டது இல்லை, அரை மணித்தியாலம் அளவில் இறங்கத் தொடங்கும். அந்த அரை மணித்தியாலத்துக்கு என்ன, யாரோடு என்பதை முடிவு செய்து வையுங்கள். ஒருவருக்குத் தம்பியோடு கரப்பந்து, இன்னொருவருக்கு மாட்டுக்குப் புல்லு வெட்டப் போவது. எதுவாக இருந்தாலும் லயத்தை விட்டுக் கிளம்பி நடப்பது உதவும். ஆனால் ஒவ்வொரு நாளும் மாலையில் ஆசை தாங்கவே முடியவில்லை என்றால் அது உங்கள் மனஉறுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் மருந்தின் அளவு போதவில்லை. உளவளத்துணையாளரிடம் சொல்லி டொக்டரின் காதுக்குப் போக வையுங்கள். இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், பல ஆஸ்பத்திரிகளில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் பேசிக்கொள்வதில்லை.

உடம்பு வலியையும் விடாமல் சொல்லுங்கள். மலையில் ஏறி இறங்கி, மூட்டை தூக்கி, கவ்வாத்து வெட்டி வந்த இடுப்பு வலிக்குத்தான் சிலர் மாத்திரையில் தொடங்குகிறார்கள். வலிக்கு வழி செய்யாமல் பேசி மட்டும் என்ன பயன்? நால்ட்ரெக்சோன் எடுப்பவர் அவசரத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதைச் சொல்லவே வேண்டும், ஓப்பியாயிட் வலி ஊசி அவருக்கு வேலை செய்யாது.

நல்ல உளவளத்துணையை எப்படி அடையாளம் காண்பது

தோட்டத்தில் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தலைவர் சொல்வார், பூசாரி சொல்வார், கூட்டுறவுக் கடைக்காரர் சொல்வார். உளவளத்துணையாளரும் அதையே சொன்னால் பஸ் ஏறிப் போவானேன்? அவர் உங்களை விடக் குறைவாகப் பேச வேண்டும். “உனக்கு என்ன வேணும், எது தடுக்குது?” என்று கேட்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் குடு காட்டினால் முகம் சுளிக்காமல் என்ன நடந்தது என்று கேட்டு, டொக்டரோடு சேர்ந்து மருந்தளவைப் பார்க்க வேண்டும். “அம்மாவ அழ வச்சிட்டியே” என்று பத்து நிமிடமும் போனால், “மருந்த எப்ப நிப்பாட்டப் போற” என்று முதல் மாதத்திலேயே நெருக்கினால் அவருக்கு இந்த வேலை பற்றிப் போதிய பயிற்சி இல்லை. வேறு ஒருவரைக் கேட்கலாம். வேறு ஆள் இல்லை என்றால் உளவளத்துணையை விடலாம், மருந்தை விடக் கூடாது.

பெண்களுக்கு ஒன்று தனியாக. கர்ப்பமாக இருக்கும்போது ஓப்பியாயிட்டைத் திடீரென்று நிறுத்துவது குழந்தைக்கு ஆபத்து, மெதடோனோ புப்ரினோர்பினோ டொக்டர் கண்காணிப்பில் தொடர்வதுதான் முறை. வெட்கப்பட்டு மருத்துவமாது மிஸ்ஸிடம் மறைக்காதீர்கள். பெண் உளவளத்துணையாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இரண்டு மூன்று சந்திப்புக்குப் பிறகு, மருந்து எடுப்பவர் சம்மதித்தால், ஒரு நாள் நீங்களும் போங்கள். போய்க் குற்றப்பத்திரிகை வாசிக்காதீர்கள். அங்கே தீர்க்க வேண்டியது மூன்றே விஷயம்: காசு யார் கையில், மருந்து யார் பொறுப்பில், தவறினால் என்ன செய்வது.

வீட்டுக்கு மருந்து தந்துவிட்டால் பூட்டு உள்ள தகரப்பெட்டி ஒன்று வாங்குங்கள். பெரியவர் குடிக்கும் மெதடோனில் ஒரு வாய் சின்னப் பிள்ளையின் உயிரை எடுத்துவிடும். ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் அதை ஜன்னல் கட்டையில் வைக்கக் கூடாது, இருமல் பாணிப் போத்தலில் ஊற்றியும் வைக்கக் கூடாது.

தினம் ராத்திரி “எடுத்தியா? வாயை ஊது” என்று கேட்பது யாருக்கும் உதவாது, பொய் சொல்லத்தான் பழக்கும். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தால் சின்னதாக ஒரு பரிசு கொடுப்பது நல்ல பலன் தருவதாக ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். நம்ம வசதிக்கு அது ஒரு ரீலோட் ஆக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி ஆக இருக்கலாம், கையில் காசாக மட்டும் வேண்டாம். நேர்த்தி வைப்பது, கயிறு கட்டுவது, சபையில் ஜெபம் செய்வது எல்லாம் செய்யுங்கள், மனதுக்குத் தெம்பு. “சாமிக்குச் சத்தியம் பண்ணிட்டான், இனி மருந்து வேணாம்” என்று சொல்லாதவரை அதில் ஒரு பிழையும் இல்லை.

மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்து, உலுக்கினாலும் எழும்பவில்லை என்றால் 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டப் பெயரோடு டிவிசனையும் மெயின் ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்புவது என்பதையும் சொல்லுங்கள். அம்புலன்ஸ் மேலே வர முடியாத பாதை என்றால் அழைத்துக்கொண்டே ஆளை ஓட்டோவில் கீழே இறக்குங்கள். மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், “தூங்கட்டும், இறங்கிரும்” என்று விடாதீர்கள். என்ன எடுத்தார் என்று உள்ளதைச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் நலொக்சோன் என்ற முறிமருந்து கொடுப்பது அதைப் பொறுத்துத்தான்.

தவறிவிட்டால்

பலருக்கு ஒரு தடவையாவது தவறும். அன்றைக்குச் செய்ய வேண்டியது, வெட்கப்பட்டு அடுத்த கிளினிக்கைத் தவிர்க்காமல் இருப்பது. ஒரு கிளினிக்கை விட்டால் மருந்து தீரும், மருந்து தீர்ந்தால் பழைய இடத்துக்குத்தான் போவீர்கள். பல நாள் மருந்து விட்டுப்போயிருந்தால் பழைய அளவை வீட்டில் நீங்களாகத் தொடங்கவும் கூடாது, மெதடோன் என்றால் முக்கியமாக. டொக்டர் குறைந்த அளவில் இருந்து மறுபடி ஏற்றுவார். உளவளத்துணையாளரிடம் தவறிய நாளை மணி வாரியாகச் சொல்லுங்கள்: காலையில் என்ன, யார் போன் எடுத்தது, காசு எங்கிருந்து வந்தது. அதில்தான் அடுத்த திட்டம் இருக்கிறது.

எத்தனை நாள் இதெல்லாம் என்று கேட்பீர்கள். பேச்சு ஆரம்பத்தில் வாரம் ஒரு தடவை கிடைத்தால் நல்லது, பிறகு இரண்டு வாரம், மாதம் என்று தள்ளிப் போகலாம். மருந்து அதைவிட நீளம், வருடக்கணக்கில் போகலாம். நிறுத்துவது என்று முடிவெடுத்தால் கல்யாணம், பரீட்சை, கோர்ட் தவணை எதுவும் இல்லாத காலமாகப் பார்த்து, டொக்டரோடு மாதக்கணக்கில் மெதுவாகக் குறைக்க வேண்டும். உளவளத்துணை அந்த மாதங்களில்தான் மறுபடி வாரம் ஒரு தடவை தேவைப்படும், “முடிஞ்சிருச்சே” என்று அப்போது விட்டுவிடாதீர்கள்.

வேலைக்குக் கொழும்புக்கோ வேறு ஊருக்கோ போவதாக இருந்தால் போகிற நாளில் சொல்லாமல் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். எந்த மருந்து, எந்த அளவு, கடைசியாக எப்போது என்று எழுதிய கடிதமும், அங்கே எந்த ஆஸ்பத்திரி என்பதும் கையில் இருந்தால்தான் பஸ் ஏற வேண்டும். அதே மாதிரி போயா, தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி லீவுகளில் கிளினிக் நாள் மாறும், தினமும் போய்க் குடிக்கும் மருந்து என்றால் அந்த நாட்களுக்கு என்ன ஏற்பாடு என்று தாதியிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு, தேதியைச் சுவர்க் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.